போலீஸ் வாங்கியது, திருடன் பேர் வாங்கியது

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. பனி பெய்கிறது, பேரன் பள்ளிக்கூடம் போகிறான் என்பதைத் தவிர எனக்கு எழுத ஒன்றுமே கிடையாதா என்று கேட்டிருக்கிறாய். வம்பு வேண்டும் என்று நேராகவே கேட்டிருக்கலாமே! இந்தா, பிடி. தொண்ணூறு வருஷத்துப் பழைய வம்புதான். ஆனால் இந்த இண்டியானாக்காரர்கள் இன்னும் அதை மென்று முடிக்கவில்லை.

இந்த மாகாணத்தின் வடமேற்கு மூலையில் கிரவுன் பாயின்ட் என்று ஓர் ஊர். 1934இல் அந்த வட்டாரத்துக்கு ஷெரிஃப் ஒரு பெண்பிள்ளை, லில்லியன் ஹோலி. ஷெரிஃப் என்றால் நம்ம ஊர் எஸ்.பி. மாதிரி நியமன உத்தியோகம் இல்லையடி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், ஜெயிலும் அவர் பொறுப்பில்தான். முதலில் அவள் புருஷன் ஷெரிஃபாக இருந்தார். பதவியில் இருக்கும்போதே ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான். மிச்சக் காலத்துக்கு அவர் இடத்தில் மனைவியை உட்கார வைத்தார்கள். அப்போதுதான் பாங்குக் கொள்ளைக்காரன் ஜான் டிலிஞ்சரைக் கொண்டுவந்து அவள் ஜெயிலில் அடைத்தார்கள்.

அவன் வந்து இறங்கிய அன்று எடுத்த போட்டோ இருக்கிறது. அவன் மேல் கொலைக் கேஸ் நடத்த வேண்டிய அரசு வக்கீல் ராபர்ட் எஸ்டில் நிற்கிறார். அவர் தோளில் முழங்கையை ஊன்றி, மாப்பிள்ளைத் தோழன் கணக்காகச் சிரித்தபடி டிலிஞ்சர்! பக்கத்தில் ஹோலி அம்மாள். அந்த ஒரு படம் வக்கீலின் அரசியலையே முடித்துவிட்டது. பாவம், படம் எடுப்பவன் சொன்னதற்காக நின்றாரோ என்னவோ.

ஜெயில் படு கெட்டி, யாரும் தப்ப முடியாது என்றார்கள். வெளியே ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு காவல். மார்ச் 3ஆம் தேதி காலையில் டிலிஞ்சர், மரத்தில் செதுக்கிக் கறுப்புப் பூசிய ஒரு பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிக் காவலர்களை ஒவ்வொருவராக அறைக்குள் தள்ளிப் பூட்டினான். (பொம்மையே இல்லை, நிஜத் துப்பாக்கியே உள்ளே வந்தது, காசு கை மாறியது என்பவர்களும் இருக்கிறார்கள்.) ஜெயிலிலேயே இருந்த தாம்ஸன் சப்மெஷின் கன் இரண்டை எடுத்துக்கொண்டான். பக்கத்து காரேஜுக்குப் போனான். அங்கே நின்ற கார்களில் எது ஓடும் என்று பார்த்து, ஷெரிஃப் அம்மாளின் ஃபோர்டு வி-8 காரையே எடுத்துக்கொண்டு சிக்காகோ பக்கம் கிளம்பிவிட்டான். பத்திரிகைகள் அந்த ஊர்ப் பெயரைக் கோமாளி ஊர் என்று பொருள்படும்படி மாற்றி எழுதிச் சிரித்தன. பழி முழுக்க அந்த அம்மாள் தலையில். சுற்றி நின்ற ஆண்பிள்ளைகள் யாருக்கும் அதில் பங்கு இல்லையாம். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தாள் என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

இப்போது அந்த இரண்டு துப்பாக்கியைக் கவனி. சினிமாவில் கோட்டும் தொப்பியுமாக ஒருவன் வட்டமான டப்பா மாட்டிய துப்பாக்கியைப் படபடவென்று சுடுவானே, அதே டாமி கன். ரௌடிகளின் சாமான் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? டிலிஞ்சர் அதைக் காசு கொடுத்து வாங்கியதைவிடப் போலீஸிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. 1933 அக்டோபரில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் ஆபர்ன் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் அவனும் கூட்டாளிகளும் நுழைந்தார்கள். ஸ்டேஷன் தாம்ஸனையும் குண்டு துளைக்காத அங்கிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் பெரூ என்கிற ஊரில் அதே கதை. (அந்தக் காலத்தில் சர்க்கஸ் கம்பெனிகள் பனிக்காலத்தில் வந்து தங்கிய ஊர் அது. இன்றைக்கும் அங்கே ஊர்ப்பிள்ளைகள் சர்க்கஸ் போடுகிறார்கள்.) டிலிஞ்சர் வந்தால் சமாளிக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சுற்றுலாப் பயணி வேஷத்தில் அவனே முன்னமே போய்க் கேட்டானாம், அவர்களும் பெருமையாக எடுத்துக் காட்டினார்களாம். நிஜமோ, பின்னால் கட்டிய கதையோ, இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? எதிர்வீட்டுக் கிழவர் ஒரு தாம்ஸன் வைத்திருக்கிறார். பயப்படாதே, முறைப்படி பதிந்தது. ரிட்டயர் ஆன போலீஸ்காரர். இங்கே ஒரு சின்ன ஊர்ப் போலீஸ் இலாகா 1980களின் ஆரம்பத்தில் பழசைக் கழித்துக் கட்டியபோது, முறையான வியாபாரி மூலம் அவர் கைக்கு வந்ததாம். ஒரு பழைய கார் வாங்கும் பணம் கொடுத்தாராம். அவர் மனைவிக்கு அதில் இன்னும் ஆறவில்லை. சமையலறையை மாற்றிக் கட்ட வைத்திருந்த பணமாம் அது. காப்பி கொடுக்கக் கூப்பிட்டுவிட்டு, புருஷன் காதில் விழும்படியே என்னிடம் சொன்னாள்.

நான் என்னத்தைக் கண்டேன் துப்பாக்கியை! ஆனாலும் அவர் பெட்டியைத் திறந்ததும் கிட்டப் போய்ப் பார்த்தேனடி. எஃப்.பி.ஐ.காரர்கள் வைத்திருந்த மாதிரிக் கட்டைப் பெட்டி. தோளில் வைக்கிற மரக்கட்டை கழன்று வரும். அதற்கு ஒரு குழி, உடலுக்கு ஒரு குழி, வட்ட டப்பாவுக்கு ஒன்று, இருபது தோட்டா பிடிக்கிற நேர் மேகஸின்களுக்கு வரிசையாக இடம், குழாய் துடைக்கிற கம்பிக்கு ஒன்று. சினிமாவில் வயலின் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிறார்களே என்றேன். கட்டையைக் கழற்றாமல் முழுசாக அதில் நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சிரித்தார்.

வட்ட டப்பாவுக்கு டிரம் என்று பெயர். ஐம்பது தோட்டா பிடிப்பது எல் டிரம், நூறு பிடிப்பது சி டிரம். ரோமன் எழுத்தில் எண் போட்டிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தேன்குழல் பிழிந்த மாதிரி சுற்றுச் சுற்றாக ஒரு பாதை, அதில் தோட்டாக்களை நிறுத்தி வைக்க வேண்டும். முகப்பில் ஒரு சாவி. எத்தனை சொடுக்கு முறுக்க வேண்டும் என்று டிரம்மிலேயே அடித்திருக்கிறது. முறுக்கினால் உள்ளே இருக்கும் சுருள்வில் தோட்டாவை ஒவ்வொன்றாகத் தள்ளும். நூறும் போட்ட சி டிரம் மட்டுமே நாலு கிலோவுக்குக் கிட்ட வரும், துப்பாக்கி ஒரு நாலரைக் கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்! நடந்தால் டிரம்முக்குள் தோட்டாக்கள் கடகடவென்று ஆடுமாம். பின்னால் பட்டாளத்துக்காரர்கள் டிரம்மே வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு எடையோடு இந்தச் சத்தமும் காரணம்.

அவர் எனக்குக் காட்ட ஆசைப்பட்டது துப்பாக்கியை இல்லை, எண்களை. கோல்ட் கம்பெனி இந்தத் துப்பாக்கியைச் செய்த காலத்துப் பழைய டிரம்மில் மூடியிலும் உடலிலும் ஒரே எண் இருந்தால்தான் அது ஜோடி மாறாதது. குழாய் நுனியில் வெட்டு வெட்டாக ஒரு மூக்கு, கட்ஸ் காம்பன்சேட்டர் என்று பெயர், சுடும்போது முனை மேலே எழும்பாமல் அமுக்கும். அது முதல் துப்பாக்கிகளில் கிடையாது, 1926க்குப் பிறகு வந்தது. பக்கவாட்டில் 1921 என்று அடித்திருக்கும் வருஷத்தில் கடைசி 1 மேல் ஒரு 8ஐ ஏற்றி அடித்திருந்தால் அது கடற்படை மாடல். மெனக்கெட்டுப் புதிதாகச் செய்யவில்லை. விற்காமல் கிடந்த பழைய சரக்கிலேயே உள்ளே ஒரு பாகத்தைக் கனமாக்கி, நிமிஷத்துக்கு எண்ணூறு குண்டு என்றிருந்த வேகத்தை அறுநூறு அளவுக்குக் குறைத்து, 1928 என்று ஆக்கிவிட்டார்கள். நம்ம ஊர் ஜவுளிக்கடைக்காரர்கள் தோற்றார்கள் போ.

சரக்கு ஏன் விற்காமல் கிடந்தது என்பதுதான் பெரிய வம்பு. செய்தவர் ஜான் தாம்ஸன், அமெரிக்கப் பட்டாளத்தில் ஆயுதத் துறை அதிகாரி. முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குள் புகுந்து எதிரியைப் பெருக்கித் தள்ள ஒரு சின்னத் துப்பாக்கி வேண்டும், கைத்துப்பாக்கித் தோட்டாவே அதற்குப் போதும் என்று அவர் கணக்கு. 1916இல் ஆட்டோ ஆர்ட்னன்ஸ் என்று கம்பெனி தொடங்கினார். துப்பாக்கி தயாராவதற்கும் 1918 நவம்பரில் சண்டை ஓய்வதற்கும் சரியாக இருந்தது. மனுஷன் மனம் தளரவில்லை. ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் கோல்ட் கம்பெனியிடம் பதினையாயிரம் துப்பாக்கி செய்யச் சொன்னார். மரவேலை ரெமிங்டன், குறி பார்க்கும் கருவி லைமன். பளபளவென்று நீலமேற்றிய எஃகும் வால்நட் கட்டையுமாக, பட்டாளத்துச் சாமான் மாதிரியே இல்லை, அத்தனை நேர்த்தி. அதனால்தான் இன்றைக்கும் சேகரிப்பவர்கள் கோல்ட் தாம்ஸன் என்றால் உயிரை விடுகிறார்கள்.

பணம் போட்டவர் தாமஸ் ஃபார்ச்சூன் ரையன். புகையிலையிலும் டிராம் கம்பெனிகளிலும் சம்பாதித்த கோடீஸ்வரர், ஐரிஷ் வம்சாவளி. 1921 ஜூனில் நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஹோபோக்கன் துறைமுகத்தில் ஒரு கப்பலைச் சோதித்தார்கள். அயர்லாந்துப் புரட்சிக்காரர்களுக்குப் போக இருந்த 495 தாம்ஸன் துப்பாக்கிகள் அதில் பிடிபட்டன. அதுவும் பிரிட்டிஷாரோடு அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். விஷயம் கோர்ட்டுக்குப் போய், தாம்ஸனின் மகன் மார்செல்லஸ் மேலும் குற்றப்பத்திரிகை. மார்செல்லஸின் மாமனார் யார் தெரியுமா? ஜார்ஜ் ஹார்வி, அப்போது லண்டனில் அமெரிக்கத் தூதர்! மாமனார் அரசரோடு விருந்து சாப்பிடுகிறார், மருமகன் கம்பெனித் துப்பாக்கி அந்த அரசரின் சிப்பாய்களைச் சுடக் கப்பல் ஏறுகிறது. அந்தச் சம்பந்தி வீடுகளில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒருநாள் பொழுதே போயிற்று. கடைசியில் கேஸ் ஒன்றும் ஆகாமல் கைவிடப்பட்டது. மாமனார் இருந்தால் போதாதா?

போலீஸுக்கு விற்றால் பிழைக்கலாம் என்று பார்த்தார்கள். கொள்ளைக்காரனை ஒடுக்கும் துப்பாக்கி என்று விளம்பரம். கலவரத்தில் உயிர் போகாமல் கூட்டத்தைக் கலைக்க, பறவை சுடும் ரவை போட்ட தோட்டாகூடச் செய்தார்கள். ஒரு விளம்பரப் படத்தில் பண்ணை வீட்டுத் திண்ணையில் நின்று ஒரு மாட்டுக்காரன் கொள்ளைக்காரர்களை டாமி கன்னால் சுட்டுத் தள்ளுகிறான்! விலை 200 டாலர், பின்னால் 175. ஃபோர்டு மாடல் டி கார் 300 டாலருக்குள் கிடைத்த காலம் அது. சின்ன ஊர்ப் போலீஸுக்கு ஏது அத்தனை பணம்? ஒன்றோ இரண்டோ வாங்கி, அதையும் சுடாமல் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். சாராயம் கடத்துகிறவனுக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. தடுக்கச் சட்டமும் இல்லை, கடையில் போய்க் காசை வைத்தால் கொடுத்துவிடுவான். சட்டத்தின் பக்கம் நிற்கும் என்று நினைத்துச் செய்த மனுஷனுக்கு, தன் பெயர் ரௌடிகளோடு சேர்ந்துபோனது கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது என்கிறார்கள்.

பிப்ரவரி 14, 1929. சிக்காகோ வடக்கு கிளார்க் தெருவில் ஒரு காரேஜ். ஏழு பேரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட வந்தவர்களில் இரண்டு பேர் போலீஸ் உடுப்பில் வந்திருந்தார்கள். தரையில் கிடந்த தாம்ஸன் தோட்டாக் கூடுகள் எழுபது. ஐம்பது பிடிக்கிற டிரம் ஒன்று, இருபது பிடிக்கிற மேகஸின் ஒன்று, கணக்கு சரியாக இருக்கிறது பார். உடனே ஊர் முழுக்க ஒரே சந்தேகம்: வேஷமா, நிஜப் போலீஸேவா? சிக்காகோ போலீஸின் அந்தக் காலத்துப் பேர் அப்படி.

இதைத் தீர்க்க கால்வின் கோடார்ட் என்ற நிபுணரைக் கூப்பிட்டார்கள். குண்டையும் கூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு துப்பாக்கியும் தன் குண்டின் மேல் தனக்கே உரிய கீறல் விடும், அதைக் கொண்டு கண்டுபிடிப்பது. முதலில் அந்தப் பகுதிப் போலீஸ்காரர்களின் தாம்ஸன்களைச் சுட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. போலீஸின் மானத்தைக் காப்பாற்றியது போலீஸின் துப்பாக்கி! சாவு விசாரணை ஜூரியில் இருந்த பாமாலிவ் சோப்புக் கம்பெனிப் பெரிய மனிதர் பர்ட் மஸ்ஸி முன்னின்று உதவ, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை ஒட்டி கோடார்டுக்கு ஒரு ஆய்வுக்கூடமே அமைந்தது. குற்றத் தடய ஆராய்ச்சிக்கு இந்த நாட்டில் அது முன்னோடி.

பத்து மாதம் கழித்து நடந்ததைச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு கனக்கிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் செயின்ட் ஜோசப் என்று ஒரு ஊர், இங்கிருந்து காரில் இரண்டு மணி. திராட்சைத் தோட்டங்கள், கோடையில் கடற்கரை மாதிரியே கூட்டம். டிசம்பர் 14ஆம் தேதி குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் இன்னொரு கார் மேல் லேசாக இடித்துவிட்டான். நஷ்டம் அஞ்சு டாலர். கொடுக்க மாட்டேன் என்று தகராறு. சார்லஸ் ஸ்கெல்லி என்ற இளம் போலீஸ்காரர், ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம் வா என்று அவன் கார்ப் படியில் ஏறினார். அவன் அங்கேயே சுட்டுவிட்டு ஓடிவிட்டான். வழியில் காரை விட்டுவிட்டுப் போனதில், அதிலிருந்த காகிதத்தைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் டேன் என்று பெயர் சொல்லிக்கொண்டு கௌரவமாகக் குடித்தனம் நடத்தியவன், நிஜத்தில் ஃப்ரெட் பர்க், கூலிக்குக் கொலை செய்பவன். அலமாரியில் இரண்டு தாம்ஸன், டிரம்கள், தோட்டா மூட்டை, திருடிய பாங்குப் பத்திரங்கள் மூன்று லட்சம் டாலருக்கு மேல். அஞ்சு டாலரை விட்டெறிந்திருந்தால் ஸ்கெல்லி கிழவராகிச் செத்திருப்பார். இவன் பிடிபட்டே இருக்க மாட்டான்.

கோடார்ட் சோதித்தார். இரண்டு துப்பாக்கியும் கிளார்க் தெருக் காரேஜில் சுட்டவைதாம். அதில் ஒன்று அதற்கு முந்தின வருஷம் புரூக்ளினில் ஃப்ராங்கி யேல் என்ற பெரிய ரௌடியைக் கொன்றதும்கூட. எண்கள் 2347, 7580. இரண்டாவது, சிக்காகோவில் விளையாட்டுச் சாமான் கடை என்ற பெயரில் ரௌடிகளுக்கு விற்ற வான் ஃப்ரான்ஸியஸ் வழியாகப் போனது. முதலாவதை 1924இல் வாங்கியவர் யார் என்று நினைக்கிறாய்? இலினாய் மாகாணம் மேரியன் ஊரின் துணை ஷெரிஃப் லெஸ் ஃபார்மர்! அவருக்குச் செயின்ட் லூயிஸ் கும்பலோடு சகவாசம் உண்டு என்பார்கள், பர்க்கும் அந்தக் கும்பலில் இருந்தவன்தான். ஆக, போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து சுட்ட அன்று கையில் இருந்ததில் ஒன்றும், முதலில் ஒரு போலீஸ்காரர் வாங்கிய துப்பாக்கி. இரண்டும் இன்றைக்கும் அந்தப் பக்கத்து பெரியன் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்திடமே பத்திரமாக இருக்கின்றன. விலைக்குக் கேட்டு வராத ஆள் இருக்காது, அவர்கள் விற்பதாக இல்லை.

பர்க்கை 1931இல் பிடித்தார்கள். காரேஜ் கொலைக்காக அவனை யாரும் விசாரிக்கவே இல்லை. ஸ்கெல்லியைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை, ஜெயிலிலேயே 1940 ஜூலையில் செத்தான். தாம்ஸன் இறந்தது அதே வருஷம் ஜூன் 21. மூன்று வாரம்கூட இடைவெளி இல்லை! மகன் மார்செல்லஸ் முந்தின வருஷமே போய்விட்டார். கம்பெனி ரஸ்ஸல் மக்வயர் என்ற வியாபாரி கைக்கு மாறியிருந்தது. அடுத்த உலகப்போர் வந்து லட்சம் லட்சமாகத் துப்பாக்கி விற்றபோது காசை அள்ளியவர் அவர்தான். அந்த ஜூலைக் கடைசியில் சர்ச்சில் வாயில் சுருட்டோடு, கையில் டிரம் போட்ட தாம்ஸனோடு ஒரு போட்டோவுக்கு நின்றார். ஜெர்மன்காரர்கள் அதையே நோட்டீஸாக அடித்து, பார் உங்கள் ரௌடித் தலைவனை என்று போட்டார்கள். எஸ்டிலுக்கு ஒரு போட்டோ, சர்ச்சிலுக்கு ஒரு போட்டோ. ஒருவர் அரசியல் கவிழ்ந்தது, ஒருவருக்குப் பேர் கூடியது.

இப்போது விலை விஷயத்துக்கு வருகிறேன், உனக்கு அதில்தான் கண் என்று தெரியும். டிலிஞ்சர் அமர்க்களம் செய்த அதே 1934இல் சட்டம் வந்தது. எந்திரத் துப்பாக்கியை வாங்காதே என்று சொல்லவில்லை. கை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்துக்கு 200 டாலர் வரி கட்டு, கைரேகையும் போட்டோவும் கொடு, பதிவு செய் என்றது. துப்பாக்கி விலைக்குச் சமமாக வரி போட்டால் யார் வாங்குவான் என்ற கணக்கு. வேடிக்கை என்னவென்றால் அந்த 200 டாலர் இன்றுவரை ஏறவே இல்லை. முன்பெல்லாம் கட்டினால் படிவத்தில் நிஜமாகவே ஒரு வரி ஸ்டாம்பு ஒட்டி வரும். எதிர்வீட்டுக்காரர் அதைக் கண்ணாடி உறைக்குள் போட்டுப் பாங்கு லாக்கரில் வைத்திருக்கிறார். மனைவியின் நகையும் அதே லாக்கர்தான், ஆனால் அதற்கு உறை கிடையாது. இதுவும் அவள் சொன்னது.

1986 மே 19க்குப் பிறகு செய்த எந்திரத் துப்பாக்கி பொதுஜனத்துக்குக் கிடையாது என்று இன்னொரு சட்டம். அதற்கு முன்னால் பதிந்தது மட்டுமே கைமாறலாம். புதிது ஒன்றும் சேராது, வாங்க ஆசைப்படுகிறவன் மட்டும் பெருகுகிறான், விலை ஏறாமல் என்ன செய்யும்? நல்ல நிலையில் உள்ள கோல்ட் தாம்ஸன் இன்று நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் டாலர் என்று போகிறது. ரௌடி கையில் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப ஆளில்லை, அப்படிச் சொல்லாதவன் கிடையாதாம். போலீஸ் வைத்திருந்தது என்றால் கதையே வேறு. எந்த ஊர் இலாகாவுக்கு எந்த வருஷம் அனுப்பினார்கள் என்ற பழைய விற்பனைப் பதிவு, இலாகா முத்திரை, விற்றபோது கொடுத்த கடிதம், கூடவே அதே டிரம், அதே பெட்டி, அதே புத்தகம், எல்லாம் கலையாமல் இருக்க வேண்டும். போலீஸ் அலமாரியில் சும்மா கிடந்ததால் தேயவும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று புதிதாக மெருகு போட்டாயோ, தீர்ந்தது, விலை விழுந்துவிடும். தேய்ந்த இடத்தில் தேய்ந்துதான் இருக்க வேண்டும். உண்மையில் இவர்கள் வாங்குவது காகிதத்தையடி. இரும்பு கூட வருகிறது, அவ்வளவுதான்.

காகிதம் கெட்டால் இரும்புக்கு மதிப்பே இல்லை என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். பல ஊர்ப் போலீஸ் தங்கள் தாம்ஸனை முதலில் பதியாமலே வைத்திருந்து, பின்னால் பத்தாம் நம்பர்ப் படிவத்தில் பதிந்தார்கள். அப்படிப் பதிந்ததை இன்னொரு அரசாங்க இலாகாவுக்குத்தான் கொடுக்கலாம், தனி ஆளுக்கு விற்க முடியாது. அதே கோல்ட், அதே வருஷம், அதே பளபளப்பு. ஒன்று ஐம்பதாயிரம், பக்கத்தில் இருப்பது சந்தையில் செல்லாக்காசு. பதிவு சரியாக உள்ள இலாகாக்களுக்கு யோகம்: 2014இல் வட கரோலைனாவில் ஃபோர்சித் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் தன்னிடம் இருந்த இரண்டு தாம்ஸனைக் கொடுத்துப் புது ரைஃபிள் 88 வாங்கிக்கொண்டது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் சொல்வேன். எதிர்வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடுகிறது.

அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. போன மாதம் ஆஸ்பத்திரி போய் வந்ததிலிருந்து, பெட்டி யாருக்கு என்ற பேச்சு அந்த வீட்டில் ஓடுகிறது. வாரிசுக்குப் போவதற்கு வரி கிடையாதாம், படிவம் மட்டும் போதும். ஆனால் பெரிய மகன் இலினாயில் இருக்கிறான். அந்த மாகாணத்தில் தனி ஆள் எந்திரத் துப்பாக்கி வைத்திருந்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். சின்னவன் டெக்ஸாஸில், அங்கே சட்டம் தடுக்கவில்லை, மருமகள் தடுக்கிறாள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டாளாம். பெரிய மருமகள், விற்றுப் பாதிப் பாதி என்கிறாள். கிழவரோ விற்கக் கூடாது, பிரிக்கவும் கூடாது, டிரம்மை ஒருவனுக்கும் பெட்டியை ஒருவனுக்கும் கொடுத்தால் ஆவியாக வந்து உட்காருவேன் என்கிறார்.

உங்கள் ஊரில் ஒரே ஒட்டியாணம், இரண்டு மருமகள் என்றால் என்ன செய்வீர்கள் என்று நேற்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். பெரியவள் கட்டிக்கொள்வாள், சின்னவள் பேசமாட்டாள் என்றேன். சிரித்துவிட்டு, தான் ஏற்கெனவே ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு மதிப்புப் போடச் சொல்லியிருப்பதாகவும், புருஷனுக்குத் தெரியாது என்றும் காதோடு சொன்னாள். சமையலறைக்கு என்ன கல் போடலாம் என்று என் பெண்ணிடம் யோசனை வேறு கேட்டிருக்கிறாள். வியாபாரி வியாழக்கிழமை வருகிறான். என்ன சொன்னான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் உன் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதிப் போடு.

உன் அன்புள்ள,
வம்புக்காரி